டமாகோட்சி வயிறு நிறைஞ்சும் கத்திக்கிட்டே இருக்கு, எப்படிப் பார்த்துக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

குட்டிவாலு_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணோட பிறந்தநாளுக்கு என் தம்பி ஒரு டமாகோட்சி (ஸ்கிரீனுக்குள்ள ஒரு குட்டிப் பிராணியை வளர்க்கற பொம்மை) வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டான், அந்த முட்டை வடிவத்துல கீழ மூணு பட்டன் இருக்குமே அதேதான், பழைய மாடலையே திரும்ப விட்டிருக்காங்களாமே கறுப்பு வெள்ளை ஸ்கிரீன், அது. கூட வந்த பேப்பர்ல எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, கண்ணாடி போட்டும் படிக்க முடியல.

விஷயம் என்னன்னா பகல்ல பொண்ணு ஸ்கூலுக்குப் போயிடுறா, பொம்மை என் தலையில. அது கத்துது, சாப்பாடு குடுக்கறேன், நாலு ஹார்ட்டும் ஃபுல்லா இருக்கு, திரும்பவும் கத்துது. சாப்பாடு குடுத்தா தலையை ஆட்டி வேணாங்குது, ஸ்னாக் குடுத்தா மட்டும் லபக்குனு சாப்பிடுது, சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரத்துல மறுபடியும் பீப் பீப். ராத்திரியும் லைட்டை அணைக்கணுமாமே, அதை யார் சொன்னாங்கன்னு கூட தெரியல. இதை எப்படித்தான் விளையாடறது, ஸ்கூல் நேரத்துல நிறுத்தி வைக்க வழி இருக்கா, செத்துப் போச்சுன்னா என்ன பண்றது (பொண்ணு அழுவா, அதான் பயம்), சவுண்டை ஆஃப் பண்ண முடியுமா? தயவுசெஞ்சு பொறுமையா சொல்லுங்க, எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது.

மூணு_பட்டன்:

வணக்கம்க்கா. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா உங்ககிட்ட இருக்கறது ஒரிஜினல் ஜென் 1 (முதல் தலைமுறை) இல்லன்னா ஜென் 2 (ரெண்டாவது தலைமுறை), ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், விளையாட்டு மட்டும் வேற. ஜென் 1-ல அது இடது பக்கம் திரும்புமா வலது பக்கம் திரும்புமான்னு ஊகிக்கணும், ஜென் 2-ல அடுத்த நம்பர் பெருசா சின்னதான்னு ஊகிக்கணும்.

முதல்ல பட்டன். இடது பக்கம் இருக்கறது ஏ, ஐகானை ஒவ்வொண்ணா நகர்த்தும். நடுவுல இருக்கறது பி, ஓகே சொல்ற மாதிரி. வலது பக்கம் சி, வேணாம்னு வெளிய வர. ஸ்கிரீனுக்கு மேல நாலு ஐகான், கீழ நாலு. மேல சாப்பாடு, லைட், விளையாட்டு, மருந்து. கீழ கக்கா சுத்தம் பண்றது, மீட்டர், திட்டறது, கடைசியா ஒண்ணு இருக்கு பாருங்க, அதை நீங்க தேர்ந்தெடுக்கவே முடியாது, அது தானா எரியும். அது எரிஞ்சா உங்களைக் கூப்பிடுதுன்னு அர்த்தம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். அது கத்துன உடனே சாப்பாட்டைத் திறக்காதீங்க. மொதல்ல மீட்டரைப் பாருங்க. அதுல வயசு, எடை வரும், அடுத்து டிசிப்ளின்னு ஒரு கோடு, அடுத்து பசி நாலு ஹார்ட், சந்தோஷம் நாலு ஹார்ட். பசி காலியா இருந்தா மீல் குடுங்க, ஒரு மீலுக்கு ஒரு ஹார்ட் ஏறும். சந்தோஷம் காலின்னா விளையாடுங்க. ரெண்டும் ஃபுல்லு, கக்கா இல்ல, நோய் வந்தா தெரியற மண்டை ஓடு படம் இல்ல, தூங்கவும் இல்ல, ஆனா கூப்பிடுதுன்னா அது சும்மா அடம் பிடிக்குது. அப்ப திட்டற ஐகானை எடுத்து பி அழுத்தணும். அவ்ளோதான். டிசிப்ளின் கோடு கொஞ்சம் ஏறும், சத்தமும் நிக்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் ஸ்னாக் குடுத்து சமாதானம் பண்றீங்க, அதுக்கு அது தேவையே இல்ல, திட்டறதைத்தான் எதிர்பார்த்துட்டு நிக்குது.

வயிறு நிறைஞ்சிருந்தாலும் ஸ்னாக்கை அது வேணாம்னு சொல்லாது, அதுதான் இதுல இருக்கற சூழ்ச்சி. மீல் குடுத்தா எடை ஒண்ணு ஏறும், ஸ்னாக் குடுத்தா ரெண்டு ஏறும். விளையாடுனா எடை ஒண்ணு குறையும், ஜெயிச்சா சந்தோஷ ஹார்ட்டும் ஏறும். ஜென் 1-ல அஞ்சு சுத்துல மூணு சரியா ஊகிக்கணும். அதனால சந்தோஷத்தை விளையாட்டுலயே ஏத்துங்க, ஸ்னாக் அவசரத்துக்கு மட்டும். ஸ்னாக்கையே குடுத்துட்டு இருந்தா உடம்புக்கு வந்துடும்.

கக்கா போனா கொஞ்ச நேரத்துல சுத்தம் பண்ணிடுங்க, அப்படியே விட்டா நோய் வரும். நோய் வந்தா பக்கத்துல மண்டை ஓடு தெரியும், மருந்தை அழுத்துங்க, ஒரு தடவைல போகலன்னா இன்னொரு தடவை. மண்டை ஓடு மறையற வரைக்கும் குடுக்கணும், பாதில விட்டுடாதீங்க.

ராத்திரி அது தானா தூங்கும், சின்ன வயசுல எட்டு மணிக்கெல்லாம் படுத்துடும், வளர வளர லேட் ஆகும். தூங்குன உடனே லைட் ஐகான் போய் ஆஃப் பண்ணணும். எரியவிட்டீங்கன்னா அது கவனிப்புல குறைன்னு கணக்குல சேரும். காலைல அதுவே எழுந்து லைட்டைப் போட்டுக்கும். ஆனா கடிகாரம் சரியா வச்சிருக்கணும், இல்லன்னா மத்தியானம் தூங்கி நடுராத்திரி எழுந்து உக்காந்துக்கும்.

சவுண்டுக்கு, மெயின் ஸ்கிரீன்ல இருக்கும்போது ஏ-வையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்க, ஆஃப் ஆகும், திரும்ப அழுத்துனா ஆன்.

ஸ்கூல் நேரத்துக்கும் ஒரு வழி இருக்கு. மெயின் ஸ்கிரீன்ல பி அழுத்துனா மணி காட்டும். அந்த மணி ஸ்கிரீன்ல ஏ-வும் சி-யும் சேர்த்து அழுத்துனா நேரம் மாத்துற இடத்துக்குப் போகும். அங்கேயே விட்டுட்டீங்கன்னா பசி குறையாது, வயசு ஏறாது, எல்லாம் அப்படியே நிக்கும். ஆனா கடிகாரமும் சேர்ந்து நின்னுடும், அதனால சாயங்காலம் எடுக்கும்போது சரியான மணி வச்சுட்டு வெளிய வாங்க. இதை மறந்துட்டுத்தான் நிறைய பேர் எங்க டமா ராத்திரி தூங்க மாட்டேங்குதுன்னு வந்து கேக்கறாங்க.

முட்டைல_இருந்து:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்த பாஸ் (ஸ்கூல் நேரத்துல நிறுத்தி வைக்கறது) விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல ப்ரோ. தினமும் எட்டு மணி நேரம் நிறுத்தி வச்சா அது என்ன பெட்டு (வளர்ப்புப் பிராணி), அதுக்கு ஒரு படத்தை ஒட்டி வச்சுட்டு போயிடலாம். இந்த பொம்மையோட விசேஷமே அதுக்கு நம்ம டைம்டேபிள் தெரியாதுங்கறதுதான். 96 நவம்பர்ல ஜப்பான்ல பண்டாய் கம்பெனி விட்டப்பவும் சரி, 97 மே மாசம் மத்த நாடுகளுக்கு வந்தப்பவும் சரி, பிள்ளைங்க இதை ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, டீச்சருங்க கடுப்பாகி நிறைய இடத்துல தடை பண்ணாங்க, அதனால வீட்ல அம்மா அப்பாதான் பகல்ல பார்த்துக்கிட்டாங்க. அப்பவே உங்க நிலைமைதான்க்கா எல்லா வீட்லயும் 😄 அதே 97-ல இதை உருவாக்குன அகி மைதாவுக்கும் அகிஹிரோ யோகோய்க்கும் இக் நோபல் பரிசு குடுத்தாங்க, சிரிக்க வச்சுட்டு யோசிக்க வைக்குற வேலைக்குக் குடுக்கற கிண்டல் பரிசு அது, அதுவும் பொருளாதாரத்துல. லட்சக்கணக்கான மனுஷ மணி நேரத்தை இந்த பெட்டைப் பார்த்துக்கறதுல போட வச்சதுக்காம்.

மூணு_பட்டன்:

@முட்டைல_இருந்து ப்ரோ உங்களுக்கு டைம் இருக்கு, அக்காவுக்கு வேலை இருக்கு. சமையல் பண்ணிக்கிட்டு, போன் பேசிக்கிட்டு, நடுவுல பொம்மைக்கு ரெண்டு மணிக்கொரு தடவை மருந்து குடுக்கணுமா? பொம்மை யாரோடதோ அந்தப் பொண்ணு வீட்ல இருக்கும்போது ஓடட்டும், இல்லாதப்ப நிக்கட்டும். என்ன, பாஸ் பண்ற நேரத்துக்கு வயசு ஏறாது, அதனால பெருசாக ரொம்ப நாள் எடுக்கும், அது ஒண்ணுதான் குறை.

குட்டிவாலு_அம்மா:

ஐயோ திட்டணுமா!! நான் பாவம்னு நினைச்சு கேக்கும்போதெல்லாம் ஸ்னாக் குடுத்துட்டு இருக்கேன், இப்ப எடை பார்த்தேன் எங்கயோ போய் நிக்குது. ரொம்ப நன்றி தம்பி, மீட்டரைப் பார்க்கணும்னே தோணல. இப்ப ஒரு தடவை கத்துச்சு, எல்லாம் ஃபுல்லா இருந்துச்சு, திட்டினேன், நிஜமாவே கப்சிப். இன்னொண்ணு, இது பெருசானா வேற உருவம் ஆகும்னு பொண்ணு சொல்றா, அது நம்ம கையில இருக்கா இல்ல அதுவா வருமா? செத்துப் போறதைப் பத்தி யாரும் சொல்லலையே.

முட்டைல_இருந்து:

நம்ம கையிலதான் இருக்கு அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், பாஸ்ல போயிடுச்சு பேச்சு.

நான் சொல்ற பேரெல்லாம் ஜென் 1-க்கு, ஜென் 2-ல பேர் வேற. முட்டை அஞ்சு நிமிஷத்துல பொரிஞ்சிடும். பொரிஞ்சு வர்றது பேபிட்சி, உருண்டையா கறுப்பா இருக்கும். முதல் ஒரு மணி நேரம் உயிரை வாங்கும், பொரியும்போதே ஹார்ட் எல்லாம் காலி, குடுத்து நிரப்பி முடிக்கறதுக்குள்ள திரும்ப குறைய ஆரம்பிச்சிடும், நடுவுல கக்கா, நடுவுல ஒரு அஞ்சு நிமிஷத் தூக்கம். அதனால புது முட்டை ஆரம்பிக்கணும்னா ஒரு மணி நேரம் கையில வேலை இல்லாத நேரமா, லீவு நாள் காலைல ஆரம்பிங்க, ராத்திரி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. அந்த ஒரு மணி நேரம் போயிட்டா மாருட்சி ஆயிடும், அப்புறம் நிம்மதி, கூப்பிடற இடைவெளி நல்லா கூடும்.

இதுல ஒரு நாள் ஒரு வயசு. மூணு வயசு ஆனா டீன் ஆகும், நல்லா பார்த்திருந்தா டமாட்சி, கண்டுக்காம விட்டிருந்தா குச்சிடமாட்சி. ஆறு வயசுல பெரியவங்க ஆயிடும். அங்கதான் கணக்குப் பார்க்கும், நீங்க எத்தனை தடவை கூப்பிட்டும் வரல, டிசிப்ளின் எவ்ளோ ஏத்துனீங்கன்னு. கூப்பிட்டு ஒரு பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள போகலன்னா ஒரு குறை சேர்ந்துச்சுன்னு வச்சுக்கோங்க. அடம் பிடிச்சதுக்குத் திட்டாம விட்டா குறை சேராது, ஆனா டிசிப்ளின் ஏறாது. ரெண்டுமே நல்லா இருந்தா மாமெட்சி வரும், ரெண்டு பக்கம் காது மாதிரி நீட்டிட்டு இருக்குமே, டமாகோட்சின்னாலே எல்லாரும் போடற படம் அது. ரொம்ப மோசமா பார்த்தா தாராகோட்சி, உதடு தடிச்சு காலு நீளமா ஒண்ணு வரும். நடுவுல கின்ஜிரோட்சி, குச்சிபாட்சி, மாஸ்குட்சி, ஞோரோட்சின்னு. மாஸ்குட்சி வந்தா உடனே சலிச்சுக்காதீங்க, அதுல இருந்துதான் ரகசிய கேரக்டர் ஒண்ணு வரும், மீசை வச்ச தாத்தா மாதிரி இருப்பாரு, ஜப்பான் வெர்ஷன்ல அவர் பேர் ஒயாஜிட்சி. எனக்கு மாமெட்சியை விட அவரைத்தான் பிடிக்கும், ஆனா அது என் ரசனை.

சாவு விஷயம். நல்லா பார்த்துக்கிட்டாலும் ஒரு நாள் போயிடும் அக்கா, வயசாகிப் போறது, அதை நிறுத்த முடியாது. ஜப்பான் வெர்ஷன்ல கல்லறையும் ஆவியும் காட்டுவாங்க, வெளிநாட்டுக்கு விட்டதுல அதை மாத்தி தேவதை ஆகிப் போற மாதிரி, சொந்த கிரகத்துக்குக் கிளம்பிட்ட மாதிரி பண்ணிட்டாங்க. பொண்ணுக்கு ஊருக்குப் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அப்புறம் ஏ-வும் சி-யும் சேர்த்து அழுத்துனா புது முட்டை. போனதுல எத்தனை வயசு வரைக்கும் வளர்த்தோம்னு ஒரு பேப்பர்ல அவளையே எழுதி வைக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை அழறதுக்குப் பதிலா ரெகார்ட் உடைக்கப் பார்ப்பா.

ஸ்க்ரூடிரைவர்:

எல்லாரும் வளர்க்கறதைப் பத்தியே பேசறீங்க, பேட்டரி பத்தி ஒருத்தரும் வாய திறக்கல. குழந்தை இருக்கற வீடு, அதனால இதைத்தான் முதல்ல சொல்லணும்.

இந்த ரீ ரிலீஸ் மாடல்ல இருக்கறது சிஆர்2032, தட்டையான காசு மாதிரி செல். 97-ல வந்ததுல எல்ஆர்44 ரெண்டு. ரெண்டுமே சின்னப் பிள்ளைங்க வாய்ல போட்டா பேராபத்து. தொண்டைல மாட்டுனா ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ள வெந்து போகுற அளவுக்கு மோசம், அதுவும் சிஆர்2032 சைஸ் பெருசுங்கறதால மாட்டிக்க வாய்ப்பு அதிகம். முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி, காலைல பார்த்துக்கலாம்னு இருக்கவே கூடாது. பின்னாடி மூடியோட ஸ்க்ரூ லூசா இல்லாம பார்த்துக்கோங்க, கழட்டுன பழைய செல்லை மேஜை மேல போட்டு வைக்காதீங்க, பழசுன்னாலும் அதுல அந்த வேலையைப் பண்ற அளவுக்கு சார்ஜ் இருக்கும்.

மாத்தறது சுலபம். ஸ்கிரீன் மங்கலா ஆச்சு, பீப் சத்தம் ஈனமா கேக்குது, பட்டன் அழுத்தும்போது எழுத்து மறையுதுன்னா செல் முடியப் போகுது. சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வச்சு, நிதானமா, ஸ்க்ரூவை அழுத்திக்கிட்டே திருப்புங்க, இல்லன்னா தலை தேஞ்சு வழுவழுன்னு ஆயிடும், அப்புறம் திறக்கவே முடியாது. பிளஸ் பக்கம் எதுன்னு உள்ள பொறிச்சிருக்கும். இன்னொண்ணு, சில கம்பெனி செல்லுங்களுக்கு குழந்தைங்க துப்பணும்னு கசப்பு பூசி விக்கிறாங்க, நல்ல யோசனைதான், ஆனா அந்தப் பூச்சு சில சாதனத்துல காண்டாக்டை மறிக்கும், புது செல் போட்டும் ஆன் ஆகலன்னா பொம்மை போச்சுன்னு நினைக்காம வேற செல் போட்டுப் பாருங்க.

முக்கியமா, இந்த மாடல்ல செல்லைக் கழட்டினா பெட்டு போயிடும், திரும்ப முட்டைல இருந்துதான். அதனால நல்லா வளர்ந்து நிக்கும்போது செல் மங்குதுன்னா பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிட்டு மாத்துங்க. ஆறு மாசம் விளையாடாம அலமாரில போடறதா இருந்தா செல்லை எடுத்துட்டுப் போடுங்க, ஒழுகி உள்ள பச்சை பிடிச்சிடும். பச்சை பிடிச்சிருந்தா காது குடையற பஞ்சுல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு அந்தத் தகட்டை மட்டும் துடைங்க. ஸ்கிரீன் மேல எதையும் ஊத்தாதீங்க, வெயில்ல காரு டேஷ்போர்டுல வைக்காதீங்க, எல்சிடி கறுத்துப் போகும். சவுண்டை ஆஃப் பண்ணி வச்சா செல்லும் கொஞ்சம் கூட நாள் வரும்.

ராத்திரி_ஷிஃப்ட்:

இடையில வரேன் மன்னிக்கணும். என்கிட்ட இருக்கறது டமாகோட்சி இல்ல, மேல 168 இன் 1-னு எழுதியிருக்கு, முட்டை வடிவம்தான். இதுக்கும் அதே முறைதானா? ஏ சி அழுத்துனா எனக்கு வேற என்னமோ வருது.

மூணு_பட்டன்:

@ராத்திரி_ஷிஃப்ட் அது காப்பி சார். உள்ள பூனை, நாய், டைனோசர்னு ஒரு லிஸ்ட் வரும், அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வளர்க்கணும், சாப்பாடு, குளியல், தூக்கம், மருந்து எல்லாம் இருக்கும். ஆனா ஐகான் எது எதுக்குன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு மாதிரி, மேல சொன்னது அப்படியே ஒத்துவராது. ஒவ்வொரு ஐகானா போய் பி அழுத்தி என்ன நடக்குதுன்னு பார்க்கறதைத் தவிர வழி இல்ல. நல்லா வளர்த்தா வேற உருவம் ஆகும்னு எதிர்பார்க்காதீங்க. பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், பேனா முனையால அழுத்துனா ரீசெட் ஆகும், அதுக்கு டமாகோட்சிக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல.

டிஜி_வெறியன்:

டமாகோட்சி பேச்சு வந்தா டிஜிமானைச் சொல்லாம போக முடியுமா 😁 அதுவும் பண்டாய்தான், 97-லயே வந்துச்சு, பசங்களுக்குன்னு பண்ணாங்க. ரெண்டு கருவியை ஒட்ட வச்சா உள்ள இருக்கற மிருகம் சண்டை போடும். கறியும் வைட்டமினும் குடுக்கணும், ட்ரெயினிங் பண்ணணும். அக்கா பொண்ணுக்கு அதே வயசுல ஒரு தம்பி இருந்தா இதை வாங்கிக் குடுங்க, வீட்ல ஒரே கூச்சலா இருக்கும். தூங்கும்போது லைட் அணைக்கறது, கக்கா சுத்தம் பண்றது எல்லாம் அதே கதைதான், இங்க கத்துக்கிட்டது அங்கயும் உதவும்.

குட்டிவாலு_அம்மா:

தம்பி வேற வேணாம் சாமி, ஒண்ணே போதும் 😂 எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஸ்க்ரூ லூசா இருந்துச்சு, இப்ப இறுக்கிட்டேன். எடை இவ்ளோ ஏறிட்டதே, அதைக் குறைக்க என்ன பண்ணணும்? அப்புறம் என் தம்பி இப்ப கலர் ஸ்கிரீன் உள்ளதை அடுத்து வாங்கித் தரேன்னு பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கான், அது இதை விட சுலபமா?

முட்டைல_இருந்து:

எடைக்கு விளையாட்டு மட்டும்தான் வழி. ஒரு ஆட்டத்துக்கு ஒண்ணு குறையும், தோத்தாலும் குறையும், அதனால ஊகம் சரியா வரணும்னு கவலைப்படாம ஆடிக்கிட்டே இருங்க. ஸ்னாக்கை மறந்துடுங்க.

கலர்ல 2023-ல வந்த யூனின்னு ஒண்ணு இருக்கு, செல் மாத்தற வேலை இல்ல, சார்ஜ் பண்ணிக்கலாம், வைஃபை எல்லாம் உண்டு, டிரெஸ் வீடுன்னு அலங்காரம் நிறைய. ஆனா மெனுவுக்குள்ள மெனு, உக்காந்து கத்துக்கணும். அதுக்கு முன்னாடி 2004-ல கனெக்ஷன்னு ஒண்ணு வந்துச்சு, இன்ஃப்ராரெட்ல ரெண்டு பேர் பெட்டு பேசிக்கும், கல்யாணம் கூட நடக்கும், 2024-ல திரும்ப விட்டாங்க. என்னைக் கேட்டா உங்க பொண்ணு இந்த ஒண்ணுல மாமெட்சி வரைக்கும் கொண்டு வந்துட்டாளான்னு பார்த்துட்டு அப்புறம் கலர் பக்கம் போங்க. பகல்ல பாஸ் பண்ணிக்கிட்டே ஓட்டுனா கொஞ்சம் நாள் இழுக்கும், பரவாயில்ல.

மூணு_பட்டன்:

ஆஹா பாஸ்னு வாய் விட்டுச் சொல்லிட்டாரு பாருங்க 😄

அக்கா, எடை குறைக்க ஆடும்போது பசி ஹார்ட்டையும் அப்பப்ப பார்த்துக்கோங்க, விளையாட்டு மும்முரத்துல மீல் குடுக்க விட்டுடாதீங்க. ராத்திரி அது படுத்த உடனே லைட் ஆஃப் பண்ற வேலையை மட்டும் பொண்ணுகிட்டயே விட்டுடுங்க.